புடவைக்கு அரைக் கை வைத்த சாஃப்ட்வேரும் எங்கள் பேஜாரக்காவும்

பட்டுப் புடவைக்கு முழுக் கையா, அரைக் கையா?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். யார் எது கேட்டாலும் உடனே சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பதற்றம் எனக்கு உண்டு. ஆனாலும் தெரியாது. கேட்டது யாரோ விவரம் புரியாத ஆள் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கேட்டது எங்கள் முதலாளி நல்ல விலை கொடுத்து வாங்கிப் போட்ட சாஃப்ட்வேர். பதில் சொல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது.

ஆரணியில் கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தவர்கள் உண்டு. மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்று, கடைசியில் அதன் வாயாலேயே 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்று சொல்ல வைத்தவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பேஜாரக்கா.

எங்கள் பக்கத்தில் தொந்தரவு, எரிச்சல், தலைவலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 'பேஜார்' என்று ஒரே சொல்தான். அக்கா ஒரு நாளைக்கு அதை எத்தனை முறை சொல்வார் என்று எண்ணியவர் யாரும் கிடையாது. எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பழைய பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் கடை. பட்டுப் புடவை மொத்த வியாபாரம். கீழே வெள்ளை விரிப்பு போட்டு வியாபாரம் நடக்கும். மாடியில் ஆபீஸ். அங்கே நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். நான் சரக்குக் கணக்கு. அக்கா சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பார்சல்களுக்குப் பொறுப்பு. அவரும் பி.காம். படித்தவர்தான். களம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் வந்தார் என்பதை மாடிப்படியில் அவர் கால் வைக்கும்போதே தெரிந்துகொள்ளலாம்.

"மேல புடிக்கிற கம்பியை எவன்மா வெச்சான்? ஏழடி ஆளா அவன்? எங்க ஊரு பொம்பளைங்க அதைப் புடிச்சா கால் தரையில நிக்குதா? ஊஞ்சலாடிகினு வரோம். பேஜார்!"

மற்றவர்கள் எதையாவது திறக்க முடியாவிட்டால், 'நமக்குத்தான் தெரியவில்லை' என்று நினைப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். அக்கா அப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. பாட்டில் மூடி திறக்கவில்லையா, மூடி செய்தவன்மேல் தப்பு. குடை விரியவில்லையா, குடைக் கம்பெனிக்கு உடனே ஒரு போஸ்ட் கார்டு. ஒரு முறை பிஸ்கட் பாக்கெட்டில் 'இங்கே கிழிக்கவும்' என்று போட்டிருந்த இடத்தில் கிழித்தபோது, கிழியாமல் பிஸ்கட் மட்டும் நொறுங்கிவிட்டது. 'இங்கே கிழிக்கவும் என்று எழுதியவர் நேரில் வந்து கிழித்துக் காட்டவும்' என்று எழுதிப் போட்டார். அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி. வருத்தம் தெரிவித்து ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பி வைத்தது. அந்தப் பெட்டியை எங்களில் யாராலும் திறக்க முடியவில்லை. கடைசியில் பார்சல் கட்டுகிறவர் கோணி ஊசியால் குத்தித் திறந்தார். அக்கா ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டே அடுத்த போஸ்ட் கார்டை எடுத்தார்.

அக்காவின் இன்னொரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

எங்கள் கடையில் பழைய முதலாளி காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கடைக்குள் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. வியாபாரத்துக்கு ஆகாது. மாம்பழக் கலரில் பச்சைக் கரை கேட்டு, அது கைவசம் இல்லாவிட்டால், 'தறியில இருக்குதுங்க' என்போம். ஆரணியில் ஏதாவது ஒரு தறியில் அது இருக்கத்தான் செய்யும். அதனால் பொய்யும் ஆகாது. டீ தீர்ந்துபோனால் 'டீ நிறைஞ்சு போச்சு'. சாயங்காலம் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம். 'குளிர வை' என்போம்.

மற்றவர்கள் இதை அப்படி இப்படி என்று கடைப்பிடித்தார்கள். அக்கா விரதம் மாதிரி கடைப்பிடித்தார். மாடி ஆபீசும் கடைதான் என்பது அவர் கட்சி. பார்சல் போய்விட்டதா என்று பெங்களூர்க்காரர் போனில் கேட்பார். பார்சல் இங்கேயே என் காலடியில் கிடக்கும். அக்கா கொஞ்சமும் தயங்காமல், "கிளம்பிகினே இருக்குதுங்க" என்பார். அந்தப் பாவப்பட்ட மனிதர் லாரி ஆபீஸில் போய்க் காத்திருப்பார். ஆனால் சாயங்காலம் கடை வாசலைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போய்விட்டால், அன்றைக்கெல்லாம் அடக்கி வைத்திருந்த 'இல்லை'கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். "மாஸ்டர், டீயில சர்க்கரை இல்ல. இஞ்சி இல்ல. ஏலக்காய் இல்ல. டீயே இல்ல இதுல!"

கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். 'நோ' என்று எழுதிய பொத்தானை அக்கா கடைக்குள் தொடவே மாட்டார். கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'யெஸ்'. இன்டர்நெட் வந்த புதிது அது. ஆளுக்கு ஆள் என்னென்னவோ கேட்பார்கள். இலவசமாக மீன் தொட்டிப் படம் வேண்டுமா? யெஸ். வானிலை தெரிய வேண்டுமா? யெஸ். திரையின் மேலே இன்னொரு பட்டை சேர்க்கட்டுமா? யெஸ். இப்படிப் பட்டைமேல் பட்டை சேர்ந்து, அக்காவின் திரையில் கீழே ஒரு கரை அகலத்துக்குத்தான் இடம் மிஞ்சியது. அந்த இடைவெளியில் குனிந்து பார்த்துத்தான் பெங்களூர் பார்சல்களை அனுப்புவார். நான் அவ்வப்போது எல்லாவற்றையும் துடைத்துக் கொடுப்பேன். திரும்பவும் மீன்கள் வந்துவிடும்.

இந்த நிலையில்தான் புதிய சாஃப்ட்வேர் வந்தது.

சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி ரெடிமேட் சட்டைக் கடைகளுக்காகச் செய்தது அது. முதல் பக்கத்தில் சட்டைப் படத்தை எடுத்துவிட்டுத் தாமரைப் பூப் படத்தைப் போட்டு, 'பட்டு வியாபாரத்துக்கென்றே செய்தது' என்று எங்கள் முதலாளி தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளே எல்லாம் சட்டைதான். ஒவ்வொரு புடவைக்கும் அளவு கேட்டது. சிறியதா, நடுத்தரமா, பெரியதா? நிறம் கேட்டது. சிவப்பு, நீலம், பச்சை, மற்றவை. மயில் கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ, வெங்காயத் தோல் என்று ஆரணியில் நெய்கிற அத்தனை நிறமும் 'மற்றவை'யில் போய் விழுந்தன. அப்புறம் கேட்டது பாருங்கள் அந்தக் கேள்வியை. முழுக் கையா, அரைக் கையா?

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். கம்பெனிக்காரர்கள் காரணம் இல்லாமல் கேட்பார்களா, எனக்குத்தான் புரியவில்லையோ என்று நினைத்து 'அரைக் கை' என்று போட்டுவிட்டு நகர்ந்தேன். அக்கா நகரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டார்.

"ஏன் தம்பி, புடவையில கை எங்க இருக்குது? நானும் விரிச்சுப் போட்டுப் பார்த்துகினு இருக்கேன். ஜாக்கெட்டைச் சொல்றியா? அது வேற, இது வேற தம்பி."

"மேடம், அது மேண்டேட்டரி ஃபீல்டு. ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் மேடம் போகும்."

"ஏதாவது ஒண்ணு போட்டா அது பொய்தானே? பட்டு மேல கை வெச்சுக்கினு பொய் சொல்லச் சொல்றியா?"

போன் வைக்கப்பட்டது. வைத்தது அந்தப் பக்கம்.

இந்தச் சாஃப்ட்வேரைப் பழகுவதற்கு ஆன்லைன் பயிற்சி ஒன்றும் சேர்ந்து வந்தது. பாடங்கள், அதன் முடிவில் ஒரு பரீட்சை. பாடம் நடத்துவது கோட்டு போட்ட ஒரு பொம்மைப் பெண். நாங்கள் 'கோட்டு மேடம்' என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு பாடத்தின் ஆரம்பத்திலும் கையை ஆட்டி 'வெல்கம்!' என்பார். அவர் பேசி முடிக்கும் வரை அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அவரோ நிதானமாகப் பேசுவார். திரையில் ஒன்று எழுதியிருக்கும், அவர் வேறொன்றைச் சொல்வார். சரி, முந்தைய பக்கத்தைப் பார்ப்போம் என்று பின்னால் போனால், நேராக முதல் பாடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், 'நீங்கள் போய்விட்டீர்கள் போலிருக்கிறது' என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும். அது தள்ளாவிட்டால் கரண்ட் போகும். அந்த வருடங்களில் கரண்ட் போகாத நாளே கிடையாது. கரண்ட் வந்ததும் மறுபடி முதல் பாடம். மறுபடி 'வெல்கம்!'

"இந்தப் பொம்பளைக்குக் கை வலிக்கவே வலிக்காதா? ஜல்தி சொல்லிட்டுப் போயேன்மா!" என்று அக்கா திரையைப் பார்த்துக் கத்துவார்.

பாடத்தில் ஜான் என்று ஒருவன் வருவான். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அவன் மூன்று சட்டை வாங்குவான்.

"ஏம்மா கவிதா, இந்த ஜானு எதுக்கு எப்பப் பார்த்தாலும் சட்டையே வாங்கிகினு இருக்கான்? தீபாவளிக்குக்கூட அவன் பொண்டாட்டிக்கு ஒரு புடவை எடுத்துத் தர மாட்டானா?"

உதவிக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால், 'உங்கள் நிர்வாகியை அணுகவும்' என்று வரும். நிர்வாகி யார் என்று தேடிப் பார்த்தேன். முதலாளி என் பெயரைக் கொடுத்திருந்தார். ஆகவே நான் திணறி உதவிப் பொத்தானை அமுக்கினால், உடனே என் மெயிலுக்கு ஒரு செய்தி வரும். 'கவிதாவுக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.'

இதெல்லாம் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் அப்போது கைக்குழந்தை. கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில்தான் வீடு. மத்தியானம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருவேன். அதற்காகவே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோட்டு மேடம் கை ஆட்டும்போதெல்லாம் குழந்தை அழுகிற சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருக்கும். வெளியே தள்ளப்படும்போதெல்லாம் திரையைப் பார்த்து 'சாரி' என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் முதலாளி மாடிக்கு வந்தார். நல்ல மனிதர். ஆனால் கம்பெனிக்காரன் சொல்வதை அப்படியே நம்புகிறவர்.

"சனிக்கிழமை கம்பெனியிலேர்ந்து ஆள் வராரு. அதுக்குள்ள பரீட்சை பாஸ் பண்ணிடுங்க ரெண்டு பேரும். பண்ணாதவங்க இதுல வேலை செய்ய முடியாதாம். வேலூர்ல நம்ம புதுக் கடை இருக்குதே, அங்க கவுன்ட்டர்ல போட்டுடலாம். இங்க பாஸ் பண்ண ஆளா எடுத்துக்கலாம்னு சொல்றாரு."

வேலூர். காலையில் குழந்தை கண் விழிக்கும் முன்னே பஸ் ஏற வேண்டும். திரும்பும்போது தூங்கியிருக்கும். பாலுக்கு என்ன செய்வது? அத்தை, அதாவது என் மாமியார், ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர். அதனாலேயே அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலூர் என்றால் வேலையை விட வேண்டியதுதான். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதனால் விழுந்து விழுந்து படித்தேன். ஜானின் சட்டைகள் எனக்கு மனப்பாடம். பரீட்சையை எழுதினேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகத்தான் பதில் போட்டேன் என்று நினைக்கிறேன். கடைசிக் கேள்வி முடிந்ததும் ஒரு பெட்டி வந்தது. 'உங்கள் விடைகள் இன்னும் சேமிக்கப்படவில்லை. இந்தப் பக்கத்தை விட்டு வெளியேறவா? யெஸ், நோ.'

சேமிக்காமல் யாராவது வெளியேறுவார்களா? 'நோ'வை அமுக்கினேன்.

கோட்டு மேடம் கை ஆட்டினார். "வெல்கம்! பாடம் ஒன்று!"

கை தவறி வேறு எதையாவது அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் மறுபடி எழுதினேன். பெட்டி வந்ததும் விரலை நிறுத்தி, ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்து, பொறுமையாக 'நோ'. "வெல்கம்!" யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டதால் இப்படி ஆகிவிட்டதோ என்று, வெள்ளிக்கிழமை படபடவென்று எழுதி, பெட்டி வந்த வேகத்திலேயே 'நோ'. "வெல்கம்!"

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நீ பதற்றத்துல எதையாவது மாத்தி அமுக்கியிருப்பே," என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அக்கா பரீட்சைக்கே போகவில்லை. பாடத்திலும் வந்த அந்தக் கைக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டு மேடத்தையும் ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, நீண்ட யோசனைக்குப் பிறகு சொன்னார். "முந்தானையை இழுத்துப் போத்திகினா கை முழுக்க மூடுதுதானே? அப்ப முழுக் கை. எனக்காகப் போடல. உன் குழந்தைக்காகப் போடறேன்." அன்றைக்கு அத்தனை பாடங்களையும் கோட்டு மேடத்தோடு சண்டை போட்டபடியே முடித்தார்.

சனிக்கிழமை காலை கம்பெனி ஆள் வந்தார். சின்ன வயது. டை கட்டியிருந்தார். முதலாளி காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் இன்னும் பாஸ் செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டியது.

"ரொம்ப ஈஸியான எக்ஸாம் சார் இது," என்றார் டை கட்டின தம்பி. "உங்க ஸ்டாஃபுக்குக் கம்ப்யூட்டர் அவேர்னஸ் கம்மின்னு நினைக்கிறேன்."

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்று சொல்ல வாய் திறந்தேன். மூன்று முறை தோற்றவள் அதை எப்படிச் சொல்வது? முதலாளி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வேலூர் முடிவாகிவிட்டது என்று தெரிந்தது.

அப்போது அக்கா எழுந்தார். "ஈஸின்னா நீயே பண்ணிக் காட்டு தம்பி. நாங்க பார்த்துக் கத்துக்கறோம்."

தம்பி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். டையைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார். ஜானின் கணக்குகள் எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தன. பெட்டி வந்தது. தம்பி எங்களைப் பார்த்துக்கொண்டே, திரையைக்கூடப் பார்க்காமல், 'நோ'வை அமுக்கினார்.

"வெல்கம்! பாடம் ஒன்று!"

தம்பி மவுஸைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"நெட்டு ஸ்லோ சார்," என்றார் தம்பி.

மறுபடி எழுதினார். இந்த முறை கொஞ்சம் நிதானமாக. மறுபடி பெட்டி, மறுபடி 'நோ', மறுபடி கோட்டு மேடம். விஷயம் கேள்விப்பட்டுக் கீழே வியாபாரம் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராக மாடிப்படியில் வந்து நின்றார்கள். தம்பியின் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"சர்வர்ல ஏதோ..."

"அவேர்னஸ் கம்மியா இருக்குதா தம்பி?" என்றார் அக்கா. "உனுக்கும் வேலூர் கடைதான் போல. கவலப்படாதே, போறச்சே சொல்லு, ஜன்னல் சீட்டு புடிச்சு வெக்கிறோம்."

முதலாளி சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். நானும் இதே பொத்தானைத்தான் அமுக்கினேன். இதே கோட்டு மேடம்தான் வந்தார். அப்படியென்றால் நான் எதையும் மாற்றி அமுக்கவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"நவுரு தம்பி, நானும் ஒரு கை பாக்கறேன்," என்று அக்கா உட்கார்ந்தார்.

பரீட்சையைச் சத்தமாகப் படித்துத்தான் எழுதினார். 'ஜான் மூன்று சட்டை வாங்கி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்?' "வேற சட்டையை எடுத்துக் காட்டணும். வந்தவனை வெறுங்கையோட அனுப்புறதா?" அப்படி ஒரு விடை அந்தப் பட்டியலில் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்ததைப் போட்டார். ஒரு வழியாகக் கடைசிக் கேள்வி முடிந்தது. பெட்டி வந்தது. 'வெளியேறவா?'

அக்காவின் கை 'யெஸ்' பக்கம் போனது.

"மேடம், மேடம்!" தம்பி பதறினார். "யெஸ் அமுக்கினா எல்லாம் போயிடும். நோ அமுக்குங்க!"

"நீ ரெண்டு தடவை அமுக்கினியே, அங்க இன்னா கிடைச்சுது?" என்றார் அக்கா. "அதுவும் கடைக்குள்ள அந்த வார்த்தையை எடுக்கவே எடுக்காதே. முதலாளி எதிர்ல உக்காந்துகினு இருக்காரு. வியாபார நேரம்."

யெஸ்.

திரையில் மணல் கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் என் துப்பட்டாவின் நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

திரை முழுவதும் கலர் காகிதப் பூக்கள் கொட்டின. "கங்கிராஜுலேஷன்ஸ்!" கோட்டு மேடம் இரண்டு கைகளையும் தட்டினார். அவருக்குக் கை தட்டத் தெரியும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

மாடிப்படியில் விசில் அடித்தார்கள். பிரின்டர் சர்ட்டிபிகேட்டைத் துப்பியது. அதில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஒருவர், "இது யாருதுங்க? அக்காவோடது வரலையா?" என்று கேட்டார்.

எந்தப் புண்ணியவானோ அந்தப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு பொத்தான்களையும் மாற்றி இணைத்துவைத்திருக்கிறான். விவரமாக யோசிக்கிற யாரும் அதில் தேற முடியாது. கம்ப்யூட்டர் கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' சொல்லி மீன் வளர்த்த ஒருவரால்தான் முடிந்தது.

"இன்னா பாத்துகினு நிக்கிற? குந்து இப்டி," என்று அக்கா என்னைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். எழுதினேன். பெட்டி வந்தது. அக்காவுக்கு வேலை செய்தது எனக்கும் செய்யுமா என்று அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம். பழக்க தோஷத்தில் விரல் 'நோ' பக்கம் நகர்ந்தது.

"ஏய், எடுடி கையை அங்கேர்ந்து!"

எடுத்தேன். 'யெஸ்'. பூக்கள் கொட்டின. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து, படியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, வெயிலில் வீட்டுக்கு ஓடினேன். பால் கொடுக்கிற நேரம்கூட ஆகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எழுப்பியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டுமோ என்றும் தோன்றியது. ஆனால் திரும்பிப் போனபோது அவர் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கி வைத்திருந்தார். டை கட்டின தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காதான் அவருக்கு இன்னொன்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "சாப்புடு தம்பி. தப்பு உன் மேல கிடையாது. செஞ்சவன் மேல."

வேலூர்ப் பேச்சு அத்தோடு போயிற்று. அன்றைக்கே அக்கா குறைகளைச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் டைப் செய்து கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. சில வாரம் கழித்து அந்தத் தம்பியே போன் செய்தார். எங்கள் மெயிலுக்குப் பிறகுதான் மற்ற ஊர்க் கடைகளில் விசாரித்தார்களாம். எல்லா இடத்திலும் ஆட்கள் முதல் பாடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்களாம். ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. தாங்கள்தான் தப்பாக அமுக்குகிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அந்த முகம் தெரியாதவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியைச் சரிசெய்துவிட்டார்கள். மயில் கழுத்து வந்தது, அரக்கு வந்தது. கைப் பிரச்சினைக்கு மட்டும் அவர்கள் புரிந்துகொண்டது வேறு. முழுக் கை, அரைக் கை என்பதோடு 'ஸ்லீவ்லெஸ்' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். "முகூர்த்தப் புடவைக்கு ஸ்லீவ்லெஸ்ஸாம், நாசமாப் போறவன்!" என்று அக்கா அன்றைக்குப் போட்ட சத்தத்தில், கீழே பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் அதே மாடியில், அதே நாற்காலியில் இருக்கிறேன். இப்போது எதுவாவது திறக்கவில்லை, ஓடவில்லை என்றால், உடனே 'சாரி' சொல்வதில்லை. முதலில் அக்காவைத் திரும்பிப் பார்க்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் அக்கா ஓசூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விடப் போகிறார். ஏதாவது வாங்கிக் கொடுத்து வழியனுப்ப வேண்டும். அந்தப் பொறுப்பைக் கடையில் என்னிடம் விட்டிருக்கிறார்கள். ஒரு மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. சுவர்க் கடிகாரம் பார்த்தேன், முள் சின்னது என்பார். ஃபிளாஸ்க் பார்த்தேன், மூடியைத் திறக்கும்போதே அவர் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தது. கைப்பை என்றால் ஜிப்பு. புடவையா? ஆரணியில் நெய்தது பாதிக்குமேல் அவர் கைவழியாகப் போனதுதான். குறை சொல்லவே முடியாத ஒரு பொருள் உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று உங்களிடம் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதிக்கொண்டே வரும்போது மனசு மாறிவிட்டது. குறை இல்லாத பொருளைக் கொடுத்தால் ஓசூருக்குப் போனபிறகு அவர் எனக்குப் போன் செய்ய ஒரு காரணமும் இருக்காது. அதனால் வாசகர்களே, கடையில் கிடைப்பதிலேயே திறக்க வராதது, மூட வராதது, எந்தப் பொத்தான் எதற்கு என்று யாருக்குமே புரியாதது எதுவென்று உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வாரம் ஒரு முறையாவது அக்கா கூப்பிட்டுத் திட்டுகிற மாதிரி இருந்தால் போதும்.